அப்பாவிடம் மிஞ்சிய 'அதான்'

2022 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரைக் கீழே விட்டார். அம்மா ஓடிப்போய் என்ன என்று கேட்டதற்கு ஏதோ சொன்னார். ஒலி இருந்தது, ஏற்ற இறக்கம் இருந்தது, சொல்தான் இல்லை. ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சொல்லி அவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினோம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பினார்கள். திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது டம்ளர் விழுந்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சு திடீரென்று குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் தொங்கினால், பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரத்தக்குழாய் அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். விழுங்குவதும் பழுதாகியிருக்கலாம், அதனால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருந்தோம்.

மூன்று வாரம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் பலவீனம். பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: 'அதான்'. பசித்தால் அதான். வேண்டாம் என்றால் கையை விசிறிக்கொண்டு, அதான் அதான். பேரனைக் கண்டால் இழுத்து, 'அதா...ன்'.

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். மொழி இல்லாவிட்டால் சிந்தனையே இல்லை, நாம் நினைப்பதெல்லாம் சொல்லால்தான் என்று பதினைந்து வருடமாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அந்த நம்பிக்கையோடுதான் அப்பாவையும் பார்த்தேன். சொல் போய்விட்டது, அப்படியென்றால் உள்ளே இருந்தவரும் போய்விட்டார். "அண்ணனுக்குப் புத்தி மங்கிட்டு" என்று அத்தை அவர் முன்னாலேயே சொன்னபோது நான் மறுக்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் திரும்பலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த மாதத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேச வைத்தால்தான் பேச்சு வரும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். மத்தியானம், நல்ல வெயில். அப்பா செம்பைக் காட்டி அதான் என்றார். அம்மா செம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு, "தண்ணின்னு சொல்லுங்க, தாரேன்" என்றாள். அவர் உதட்டைக் குவித்தார். "த... த..." நெற்றியில் நரம்பு புடைத்தது. "த... அதான்." இன்னொரு தடவை என்றாள் அம்மா, அழுதுகொண்டே. நாலாவது தடவை அப்பா இடது கையால் பக்கத்திலிருந்த தட்டைத் தட்டிவிட்டார். அப்புறம் மூன்று நாள் வாயே திறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்ததும் அங்கிருந்த தெரபிஸ்ட் இதைக் கேட்டுவிட்டு, "தாகத்துல இருக்கவர்கிட்ட பரீட்சை வைக்காதீங்கம்மா" என்றார். தண்ணீரை முதலில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது நாம் ஒருமுறை 'தண்ணி' என்று சொல்லலாம், அவ்வளவுதான். பயிற்சிக்கு வேறு நேரம் இருக்கிறது, தூங்கி எழுந்து களைப்பில்லாமல் இருக்கும் காலை நேரம். அரை மணி போதும்.

அவர்தான் 'அஃபேசியா' என்ற பெயரைச் சொன்னார். வலது கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழியின் வேலை மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. அந்தப் பக்கம் அடிபட்டால் சொல்லை எடுக்கவும் கோக்கவும் முடியாமல் போகிறது. சிலருக்கு இதற்கு நேர்மாறாக, பேச்சு சரளமாக ஓடும். ஆனால் அர்த்தம் சேராது, நாம் சொல்வதும் ஏறாது. காது பழுதில்லை, நாக்கும் பழுதில்லை, புத்தியும் மங்கவில்லை. "வீட்டுக்குள்ள ஆள் இருக்காரு. கதவுதான் திறக்கலை" என்றார்.

அன்று ராத்திரி அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1861-இல் பாரீஸில் பியர் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்திருக்கிறார். பெயர் லெபோர்ன். முப்பது வயதில் பேச்சுப் போனவர். என்ன கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஒலி, பெரும்பாலும் இரண்டு தடவை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான், பேச்சுக்கான இடம் இடது பக்க முன்பகுதியில் இருக்கிறது என்று புரோக்கா சொன்னார். பாடப் புத்தகங்களில் இருப்பது இவ்வளவுதான். என்னை நிறுத்தியது வேறு இரண்டு விவரங்கள். ஒன்று, தச்சரான அப்பாவைப்போல் லெபோர்னும் கைத்தொழில்காரர். செருப்புத் தைப்பவர்களுக்கு அச்சுக்கட்டை செய்தவர். இரண்டு, இங்கே வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று புரோக்கா கேட்டபோது, அவர் இடது கையை நாலு தடவை விரித்துக் காட்டி, கடைசியில் ஒரு விரலைச் சேர்த்தாராம். இருபத்தொன்று. மிகச் சரியான கணக்கு.

மறுநாள் காலையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டுக் கேட்டேன். "எத்தனை வருஷமாப்பா தச்சு வேலை பாக்கீங்க?" என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கையை விரித்தார், மூடினார். விரித்தார், மூடினார். நான் மனதில் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பது தடவை. அப்புறம் இரண்டு விரல். அம்மா அடுக்களையிலிருந்து, "பதினாலு வயசுல மாமாகூடச் சேர்ந்தாங்க" என்றாள். அப்பாவுக்கு வயது 61.

அதற்குப் பிறகு நான் வகுப்பில், மொழி இல்லாவிட்டால் சிந்தனையே இல்லை என்ற அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் ரோஸ்மேரி வார்லி என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. இலக்கணம் கடுமையாகச் சிதைந்துபோன மூன்று பேரைப் பார்த்திருக்கிறார்கள். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்று வாக்கியத்தை வைத்து அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் 59-இலிருந்து 13-ஐயும், 13-இலிருந்து 59-ஐயும் கழிப்பது வேறு வேறு என்று தெரிந்திருக்கிறது. அடைப்புக்குறிக் கணக்குகூடப் போட்டிருக்கிறார்கள். வாக்கியத்தின் வரிசை பிடிபடாத தலைக்குள் எண்ணின் வரிசை அப்படியே இருந்திருக்கிறது. மூளைப் படங்களை வைத்து எவெலினா ஃபெடோரென்கோ குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன: வாக்கியம் படிக்கும்போது வேலை செய்கிற பகுதி, மனக்கணக்குப் போடும்போது பெரும்பாலும் சும்மா இருக்கிறது.

தமிழில் இந்த வரிசைச் சிக்கல் இன்னும் நுணுக்கமாக வரும் என்பதை நான் வீட்டில் கண்டேன். நமக்கு யார் எவரை என்பதைச் சொல்வது பெரும்பாலும் சொல் நிற்கும் இடம் கிடையாது, ஒட்டிக்கொண்டிருக்கும் உருபு. 'அண்ணனைத் தம்பி கூப்பிட்டான்' என்பதில் அந்த ஒரு 'ஐ' நழுவினால் கதையே மாறிவிடும். அப்பாவுக்கு உருபுகள்தான் முதலில் காணாமல் போயிருந்தன, பேசும்போதும் சரி, கேட்கும்போதும் சரி. ஆறாம் மாதம் பெயர்ச்சொற்கள் கொஞ்சம் திரும்பியபோது, 'அம்மா... கடை... பணம்' என்பார். அம்மாவிடம் பணம் கொடு என்கிறாரா, அம்மா கடைக்குப் பணம் கொண்டுபோனாள் என்கிறாரா, அம்மாவுக்குக் கடையில் பணம் பாக்கியா? மூன்றையும் நாங்கள் கேட்போம். ஒவ்வொன்றாக, ஒரு கேள்விக்கு ஒரு விஷயம் மட்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நான் அதைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆயிற்று. "சாப்பிடுறீங்களா, இல்ல குளிச்சிட்டு வந்து அப்புறம் சாப்பிடுறீங்களா, தோசையா இட்லியா?" என்று கேட்டால் அவர் முகம் வெறுமையாகிவிடும். "சாப்பாடா?" என்று தட்டைக் காட்ட வேண்டும். நிறுத்த வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். இந்தப் பத்துதான் கஷ்டம். ஐந்துக்குள் நம் வாய் பரபரக்கும், அடுத்த கேள்வி வந்து விழுந்து, அவர் அதுவரை தேடிவந்த சொல்லையும் கலைத்துவிடும். இன்னொன்று, 'ஆமா', 'இல்ல' இரண்டும் அவருக்கு மாறி மாறி வந்தன. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு ஆமா என்பார். அதனால் வாய்ச்சொல்லை நம்பாமல் கட்டைவிரலை மேலே, கீழே காட்டச் சொன்னோம். அதையும் ஒருமுறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வோம். சத்தமாகப் பேசுவதும், குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சிப் பேசுவதும் வேண்டாம். நாற்பத்தேழு வருடம் தொழில் செய்த மனிதரிடம் 'அப்பா குட் பாய்' என்று சொன்ன உறவினரை நான் வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

வசவும் பாட்டும் எண்ணும் தனி வழியில் வரும். ஒருநாள் தெருவில் ஆட்டோ ஒன்று உரசுவதுபோல் வந்தபோது அப்பா, "ஏலே, கண்ணு தெரியலையா!" என்று முழுசாகக் கத்தினார். திரும்பச் சொல்லச் சொன்னால் அதான். இதைப் பார்த்துவிட்டு, 'நடிக்கிறாரோ' என்று கேட்டவர்கள் உண்டு. நடிப்பே இல்லை. தானாகப் பீறிட்டு வரும் பேச்சும் நினைத்துக் கட்டும் பேச்சும் வேறு வேறு என்று ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பியல் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார். லெபோர்னும் கோபத்தில் மட்டும் ஒரு வசவை முழுதாகச் சொல்வாராம். இந்தத் தனி வழியைப் படிக்கட்டாகப் பயன்படுத்தலாம் என்று தெரபிஸ்ட் காட்டினார். 'அஞ்சு' தனியாக வராது. ஆனால் 'ஒன்னு, ரெண்டு' என்று நாம் தொடங்கிவிட்டால் அவர் சேர்ந்து ஏறி அஞ்சில் வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை வேண்டுமென்றால் ஞாயிற்றிலிருந்து வர வேண்டும். பழைய சினிமாப் பாட்டில் இரண்டு வரி தடையில்லாமல் பாடினார். பேசவே மாட்டார் என்று நினைத்த வாயிலிருந்து அந்த வரிகள் வந்தபோது அம்மா அரிசி களைந்த கையோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

இனி அந்தக் கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆடி மாதம் எங்கள் ஊரில் சாரல். பின்கட்டுக் கதவு தரையில் உரசி, மேல் மூலையில் நிலைக்காலைப் பிடித்தது. மழைக்கு மரம் ஊறிவிட்டது என்று நான் முடிவு செய்து, அப்பாவிடம் முன்பு வேலை பார்த்த பையனை வரச் சொன்னேன். அவனும் பார்த்துவிட்டு, "ஊறியிருக்குக்கா, மேலயும் கீழயும் ஒரு நூல் இழைச்சிட்டாப் போதும்" என்று இழைப்புளியை எடுத்தான். எட்டு நூல் ஓர் இஞ்சு.

அப்பா கட்டிலிலிருந்து, "அதான்! அதான்! அதான்!" என்று கத்த ஆரம்பித்தார். அம்மா அவரை அமைதிப்படுத்தப் போனாள். வேலைச் சத்தம் பிடிக்கவில்லை என்று நினைத்தோம். அவர் அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்தார். காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். கதவை மூடச் சொல்லிக் கையைக் காட்டினார். மூடியதும், கீல் இருக்கும் பக்கத்தில் அந்தத் தாளை மடித்து, கதவுக்கும் நிலைக்காலுக்கும் நடுவே மேலே நுழைத்தார். நாலாக மடித்த தாள் தாராளமாகப் போயிற்று. கீழே கொண்டுவந்தார். அங்கே ஒற்றைத் தாள்கூட நுழையவில்லை. பையனின் முகத்தைப் பார்த்தார். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா மேல் கீலில் விரலை வைத்து அழுத்தினார். கீல் ஆடியது.

"அண்ணாச்சி... ஊறலை. மேல் கீல் விட்டிருக்கு. கதவு சாஞ்சிருக்கு" என்றான் பையன் மெதுவாக. "அதான்" என்றார் அப்பா. இந்தத் தடவை அந்தச் சொல் அதற்குரிய இடத்தில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.

கீலைக் கழற்றினால் திருகு ஓட்டை அரித்துப் பெரிதாகியிருந்தது. அப்பா சாமி மாடத்திலிருந்து தீப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சொன்னார் என்றால், கையால் உரசுவதுபோல் காட்டினார். குச்சிகளின் மருந்துத் தலையைக் கிள்ளிப்போட்டுவிட்டு, பசையில் தோய்த்து ஓட்டைக்குள் இறுக்கச் செருகினார், இடது கையால், மூன்று குச்சி. காய்ந்தபின் பையன் அதிலேயே திருகை ஏற்றினான். இழைப்புளி பைக்குள் போயிற்று. அன்றைக்கு ஒரு நூல் இழைத்திருந்தால் சாரல் முடிந்தபின் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்திருக்கும்.

அந்த அரை மணி நேரத்தை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அந்தப் பையனுக்கும் 'ஊறியிருக்கு' என்ற சொல் உடனே வந்துவிட்டது. சொல் வந்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டது. மேலே பிடிக்கிறது, கீழே உரசுகிறது, எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. அவர் இடைவெளியைப் பார்த்தார், அளந்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், காரணத்துக்குப் போனார். இப்போது பள்ளியில் ஒரு பிள்ளை வாயடைத்து நின்றால், 'தெரியலையா?' என்று கேட்காமல் வரைந்து காட்டச் சொல்கிறேன், செய்து காட்டச் சொல்கிறேன். எனக்கே ஒரு சிக்கல் வந்தாலும், அதற்குச் சட்டென்று ஒரு பெயர் வைத்துவிட்டேனா என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.

எல்லாருக்கும் அப்பாவைப்போல் இருக்காது. அடி பெரிதாக இருந்தால் எண்ணும் சேர்ந்தே போய்விடும்; சைகைகூட வராமல் போகலாம். என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரிடமும் தனியாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும், அதுவும் அவருடைய தொழிலில், அவருடைய கைப்பழக்கத்தில். சமையல்காரர் என்றால் அடுப்படியில், டிரைவர் என்றால் வழியில். தெரபிஸ்ட் காட்டிய படங்களில் அப்பாவுக்கு ஆப்பிள் வரவில்லை, குடை வரவில்லை. நான் அவருடைய பையைப் பிரித்து உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம் என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். கையில் வாங்கிப் பிடித்ததும் 'உளி' வந்தது. படத்தைப் பார்த்து வராத சொல் எடையில் வந்தது.

நாங்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் வீட்டு ஆட்களின் போட்டோ, அடுத்து உடம்புப் படம் (எங்கே வலி என்று தொட்டுக் காட்ட), அப்புறம் ஊரின் எளிய வரைபடம், மாத நாட்காட்டி, ரூபாய் நோட்டுகள், 1 முதல் 100 வரை எண்கள், கடைசியில் வெறும் தாள்கள். பென்சில் நூலில் கட்டித் தொங்கும். வெளியே போகும்போது சட்டைப்பையில் ஒரு அட்டை: 'எனக்குப் பக்கவாதத்தால் பேச்சு வருவதில்லை. நீங்கள் சொல்வது புரியும். மெதுவாகப் பேசுங்கள்.' ஒரு வங்கிக் கிளையில், பேசத் தெரியாதவருக்குக் கணக்கில் பணம் எடுக்க முடியாது, சுயநினைவு இருப்பதற்குச் சான்று வேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியபின் வந்த யோசனை அது. இடது கைக் கையெழுத்தை வீட்டிலேயே பழகி, மருத்துவரின் கடிதத்தோடு போனபின்தான் காரியம் நடந்தது. கையெழுத்து மாற்றத்தை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். அதற்காகக் காத்திருந்தால் மருந்துக்குப் பணம் இல்லாமல் அலைய நேரும்.

மனச்சோர்வையும் கவனிக்க வேண்டும். அதான் என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல முடியாதவர், தூக்கம் வரவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வார்? அப்பா இரண்டு மாதம் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். அதை முரட்டுத்தனம் என்றுதான் நினைத்தோம். மருத்துவர் கேட்டபின்தான் அதுவும் சிகிச்சை வேண்டிய நோய் என்று புரிந்தது. பேச்சு தேறுவது முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. அப்பாவுக்கு மூன்றாம் வருடத்திலும் புதுச் சொல் வந்துகொண்டிருக்கிறது.

போன வருடம் பேரனுக்குப் படிக்கிற மேசை செய்ய மரம் வாங்கப் போனோம். அப்பா இப்போது பென்சிலை இடது காதில் செருகிக்கொள்கிறார். 12 அடி நீளம், 6 இஞ்சு அகலம், 2 இஞ்சு கனத்தில் நாலு பலகை எடுத்தார். ஒவ்வொன்றாகக் கண்ணருகே தூக்கிப் பிடிக்கச் சொல்லி நேர் பார்த்தபின்தான் எடுத்தார். கணக்கு எழுதியவர், "நாலரை கன அடி" என்றார். நீளத்தை அடியிலும் மற்ற இரண்டையும் இஞ்சிலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி; நான் போனில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு நாலு விரலைக் காட்டினார். எழுதியவர், "என்ன அண்ணாச்சி?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். எழுதியவரும், ஏன் என்று தெரியாமலேயே, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஒன்னு," என்றார் அப்பா. "ரெண்டு. மூணு."